ஊர்த் தண்ணீருக்கு ஒரு பேரேடு



கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் கற்பித்தல் என்று அழைப்பிதழில் பெரிய தலைப்பாக அச்சிட்டிருக்கிறார்கள். நான் அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசப் போகிறேன். வேதியியல் படித்து, வேதியியல் ஆசிரியையாகப் பணியில் சேர்ந்து, பிறகு சுற்றுச்சூழல் அறிவியலுக்கு மாறி, அதிலேயே ஓய்வு பெற்றவள் நான். என் பணிக்காலம் முழுவதும் நொய்யல் ஆற்றின் ஓரத்திலேயே கழிந்தது. அந்த அனுபவத்தில் எனக்குத் தேறியது ஒரு கோரிக்கை. ஒவ்வொரு கல்லூரியும் தன் ஊரின் ஆற்றையும் குளத்தையும் கிணற்றையும் மாதம் தவறாமல் அளந்து ஒரு பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆசிரியர் மாறினாலும், பாடத்திட்டம் மாறினாலும், முதல்வர் மாறினாலும் அந்தப் பேரேடு நிற்கக் கூடாது. இது ஏன் வேறெந்த அலுவலகத்தையும்விடக் கல்லூரிக்குப் பொருந்துகிற வேலை என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்தப் பாடம் நம் கல்லூரிகளுக்குள் நீதிமன்றத்தின் வழியாக நுழைந்தது என்பது இளைய ஆசிரியர்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. சொன்னதோடு நின்றது. 2003-ல் நீதிமன்றம் மறுபடியும் கண்டிப்பு காட்டிய பிறகே பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பாடத்திட்டம் எல்லா இளநிலை வகுப்புகளுக்கும் வந்து சேர்ந்தது. பி.காம். படிப்பவரும் பி.ஏ. தமிழ் படிப்பவரும் ஒருசேரப் படிக்கும் பாடம். எட்டு அலகுகள், 50 பாடவேளைகள். அந்தக் குழுவுக்காக ஏராக் பரூச்சா எழுதிய பாடநூல் இன்றும் பல நூலகங்களில் இருக்கும்.

அந்தப் பாடத்திட்டத்தை வகுத்தவர்களை நான் மதிக்கிறேன். ஏனென்றால் எட்டாவது அலகு முழுவதையும் அவர்கள் களப்பணிக்கு ஒதுக்கினார்கள். எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், களப்பணிக்கு 25. பக்கத்திலுள்ள ஆற்றையோ காட்டையோ மலையையோ பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். மாசுபட்ட ஓர் இடத்துக்குப் போக வேண்டும். செடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் இனம் காண வேண்டும். இப்படித் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

நடந்தது என்ன? பாடம் ஈ.வி.எஸ். என்ற மூன்றெழுத்தாகச் சுருங்கி, பகுதி நான்கில் ஒரு தாளாக ஒடுங்கியது. பணியிடம் உருவாக்கவில்லை. யாருக்கு வேலைப்பளு குறைகிறதோ அவருக்கு அந்தத் தாள் போயிற்று. வணிகவியல் ஆசிரியரும் உடற்கல்வி இயக்குநரும் வழிகாட்டி நூலை வைத்து நடத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தெரியாத பாடத்தை நேர்மையாக நடத்த அவர்கள் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தவள். ஆனால் களப்பணி செத்தது. ஒரு நாள் ஊட்டிக்கோ டாப்சிலிப்புக்கோ பேருந்து கிளம்பும். அருவியின் முன்னால் நின்று ஒரு படம். மாணவர் அந்தப் படத்தை ஒட்டிப் பத்துப் பக்கம் எழுதித் தந்தால் 25-க்கு 22. கல்லூரிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற வாய்க்காலை எட்டிப் பார்க்காமலே ஒரு பிள்ளை சுற்றுச்சூழலில் முதல் வகுப்பு வாங்கிவிட முடியும். இருபது ஆண்டுகளாக இதை நாம் நடக்க விட்டிருக்கிறோம்.

இனி நொய்யலுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஆறு அது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையின் குளங்களை நிரப்பி, திருப்பூரை ஊடறுத்து, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர் கொண்ட ஊரருகே காவிரியில் கலக்கிறது. அணைக்கட்டு, அங்கிருந்து வாய்க்கால், வாய்க்கால் முடிவில் குளம், அது நிரம்பினால் அடுத்த குளம் என்று சங்கிலியாகக் கோத்து வைத்த பழைய ஏற்பாடு அதன் மேல்பகுதியில் இருக்கிறது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். இன்று மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் அவற்றுக்கு வந்து சேருவதில் பெரும்பகுதி நகரத்தின் சாக்கடை நீர்.

திருப்பூரில் கதை வேறு. சாயப்பட்டறை என்றதும் எல்லோரும் நிறத்தைத்தான் பேசுவார்கள். ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் ஊதாவாகவும் ஓடியதைப் பத்திரிகைகள் படம் போட்டன. வேதியியல் படித்தவளுக்கு அந்த நிறம் இரண்டாம் பட்சம். முதல் பிரச்சினை உப்பு. பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொள்கிறது. பனியன் துணிக்குப் போடும் சாயத்தின் மூலக்கூறும் எதிர்மின் தன்மை கொண்டது. ஆகவே நூல் சாயத்தை விலக்கித் தள்ளும். சாயத் தொட்டியில் சமையல் உப்பையோ சோடியம் சல்பேட்டையோ நிறையக் கரைத்தால் அந்த விலக்கம் தணிந்து சாயம் நூலில் ஏறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு உப்பு. சாயம் துணியோடு திருப்பூரை விட்டு வெளிநாட்டுக்குப் போய்விடும். போட்ட உப்போ அலசிய தண்ணீரோடு திரும்ப வந்து நம் மண்ணிலேயே தங்கிவிடும்.

இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது வகுப்பில் ஒரு கேள்வி எழும்: சுத்திகரிப்பு நிலையம் எதற்கு இருக்கிறது? நல்ல கேள்வி. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் கசடாகப் படிந்துவிடும். நுண்ணுயிர்த் தொட்டி கரிமப் பொருளைத் தின்றுவிடும். கரைந்த உப்பை இரண்டும் தொடாது. வெளியே வரும் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். டி.டி.எஸ். என்று நாம் சொல்லும் கரைந்த திடப்பொருளின் அளவு மட்டும் அப்படியே இருக்கும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். ஆற்றில் விடும் கழிவுநீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு 2100. சாய நீர் இதையெல்லாம் பல மடங்கு தாண்டியது.

களப்பணிக்குப் போன ஊரில் ஒரு விவசாயி மாணவர்களிடம் இதையே தம் மொழியில் சொன்னார்: “தண்ணி பார்வைக்கு நல்லாத்தானுங்க இருக்குது, டீச்சரம்மா. தென்னைக்கு உட்டாத்தான் தெரியுதுங்க.” அவர் தோப்பில் குரும்பை உதிர்ந்து கிடந்தது. மண் மேல்பரப்பு ஓடுபோல் இறுகி, ஊற்றிய நீர் இறங்காமல் நின்றது. சோடியம் ஏறிய மண்ணில் களிமண் துகள்களைப் பிடித்து வைத்திருந்த கால்சியம் வெளியேறிவிடும். துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். பாடநூலில் அரைப் பக்கத்தில் கடந்து போகும் அயனிப் பரிமாற்றம் ஒரு குடும்பத்தின் வருமானத்தை என்ன செய்யும் என்று அன்று பிள்ளைகள் பார்த்தார்கள்.

பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. அணையில் தண்ணீர் இருந்தும் வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகள் மன்றாடிய காட்சி உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா என்று தெரியவில்லை. வழக்குத் தொடுத்தவர்களும் அவர்களே. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை அறவே வெளியேற்றக் கூடாது என்று கெடு வைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கெடு பலமுறை தவறிய பிறகு 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரின் முக்கியத் தொழிலில் ஒரு கண்ணி ஒரே நாளில் அறுந்தது.

அந்தப் பருவத்தில் நான் நடத்திய வகுப்பை மறக்க முடியாது. ஒரே பெஞ்சில் ஒருபக்கம் பட்டறை முதலாளியின் மகன், மறுபக்கம் அதே பட்டறையில் சாயம் போடும் தொழிலாளியின் மகன், இன்னொரு வரிசையில் ஒரத்துப்பாளையம் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் விவசாயியின் மகள். தொழிலாளியின் மகன் அந்த மாதம் கல்லூரிக்கு வருவதே குறைந்தது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று வீட்டில் பேசிக்கொள்வதாகச் சொன்னான். விவசாயியின் மகள் எழுந்து, “எங்க கெணத்துத் தண்ணிய மாடே குடிக்கிறதில்லைங்க மேடம்” என்றாள். இருவர் சொன்னதும் உண்மை. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை, வேலூர் தோல் தொழிற்சாலைகள் குறித்த 1996 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது என்று அதற்கு முந்தைய வாரம்தான் நடத்தியிருந்தேன். கொள்கை சரி. ஆனால் அந்த வகுப்பில் நின்றுகொண்டு அதைத் திருப்பிச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. நான் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான். எல்லோரையும் சேர்த்து ஆற்றுக்கு அழைத்துப்போய் அளக்கச் சொன்னேன். முதலாளியின் மகன் குப்பியைப் பிடிக்க, விவசாயியின் மகள் கருவியைப் படித்துச் சொல்ல, தொழிலாளியின் மகன் பேரேட்டில் எழுதினான். அளவு சரியா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அன்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டதெல்லாம் மாதிரியை எந்த இடத்தில் எடுப்பது என்பதைப் பற்றித்தான்.

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இதுதான் என் பாடம்.

நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க வின்க்லர் முறை என்று ஒன்று உண்டு. நூறாண்டுக்கு மேல் பழையது, இன்றும் நம்பகமானது. 300 மில்லிலிட்டர் குப்பியில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் நீரை நிரப்பி, கரையில் நின்றபடியே மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடு கரைசலையும் விட வேண்டும். ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து விடலாம் என்று தள்ளிப்போட்டால் வழியிலேயே அளவு மாறிவிடும். ஆக்சிஜன் இருந்தால் குப்பிக்குள் பழுப்பு நிற வீழ்படிவு திரளும். இல்லையென்றால் வெள்ளையாகவே நின்றுவிடும்.

முதல்முறை சாக்கடை கலந்த குளத்தில் இதைச் செய்யும் ஒவ்வோர் அணியும் வெள்ளையைப் பார்த்து மகிழும். சுத்தமான தண்ணீர் என்று நினைப்பார்கள். மலையடிவாரத்தில் எடுத்த குப்பியைப் பக்கத்தில் வைப்பேன். அது நல்ல பழுப்பு. இரண்டையும் பார்த்துவிட்டு ஒரு நொடி யாரும் பேச மாட்டார்கள். வெள்ளைக் குப்பியின் நீரில் மீன் மூச்சு விட வழியில்லை என்று புரிந்துகொள்ளும் அந்த நொடிக்காகவே நான் இந்த வேலையில் இத்தனை காலம் இருந்தேன் என்று சொல்வேன். திரைச்சீலையில் எத்தனை படம் ஓட்டிக் காட்டினாலும் அது வராது.

அடுத்து நேரம். பாசி அடர்ந்த குளத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால் ஆக்சிஜன் அபரிமிதமாக இருக்கும், வெயிலில் பாசி உற்பத்தி செய்துகொண்டே இருப்பதால். அதே குளத்தில் விடியுமுன் அளந்தால் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது, இரவு முழுக்கப் பாசியும் நுண்ணுயிரும் அதை இழுத்துவிடும். விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் குளத்தில் வலை போடுபவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குளிப்பதற்கு உகந்த நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு அளவுகோல். மாணவரைப் பிற்பகலில் மட்டும் அனுப்புகிற கல்லூரி, செத்துக்கொண்டிருக்கும் குளத்துக்கு ஆண்டு முழுவதும் நற்சான்று எழுதிக்கொண்டே இருக்கும். ஆகவே பேரேட்டில் தேதிக்குப் பக்கத்திலேயே மணி எழுத ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். அதற்கடுத்து நீரின் வெப்பநிலை. 30 டிகிரியில் மிக நல்ல நீரிலும் ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரையும். வெப்பநிலை தெரியாமல் அந்த எண்ணைப் படிக்கவே முடியாது.

இவற்றை ஒரு முறை அளந்தால் அது செய்முறை வகுப்பு. இருபது ஆண்டு அளந்தால் அது அறிவியல். இந்த இடத்தில் இரண்டு கதைகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சார்லஸ் டேவிட் கீலிங் 1958-ல் ஹவாயின் மவுனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்கு. முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே அழகான ஒன்று தெரிந்தது: வட அரைக்கோளத்தில் கோடையில் செடிகொடிகள் வளரும்போது அளவு இறங்குகிறது, இலையுதிர் காலத்தில் ஏறுகிறது. அதோடு ஆண்டுக்காண்டு மொத்த அளவு ஏறிக்கொண்டே போவதும் தெரிந்தது. ஒரே பொருளை ஒரே இடத்தில் அளந்துகொண்டே இருப்பதற்கு எதற்குப் பணம் என்று கேட்டவர்கள் அவர் காலத்திலும் இருந்தார்கள். 1964-ல் பணம் வெட்டப்பட்டுச் சில மாதங்கள் அளவீடே நின்றது. அந்த இடைவெளியை அவர் வரைந்த கோட்டில் இன்றும் பார்க்கலாம். 2005-ல் இறக்கும்வரை அவர் விடவில்லை. பிறகு அவர் மகன் ரால்ஃப் தொடர்ந்தார். இன்று அந்த அளவு 420-ஐத் தாண்டிவிட்டது. புவி வெப்பமாதல் பற்றி உலகம் பேசும் அத்தனை பேச்சுக்கும் அடியில் அந்தக் கோடு இருக்கிறது.

இரண்டாவது, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்டு புரூக் என்ற காடு. 1963-ல் ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மான் முதலியோர் அங்கே ஓடைநீரையும் மழைநீரையும் விடாமல் சேகரித்து ஆராயத் தொடங்கினார்கள். காட்டில் சத்துப்பொருள்கள் எப்படிச் சுழல்கின்றன என்று அறிவதே நோக்கம். மழைநீர் எதிர்பார்த்ததைவிட மிக அமிலமாக இருந்தது. அமில மழை வட அமெரிக்காவின் பிரச்சினை என்று அறியப்பட்டதற்கு அந்தச் சிறு ஓடைகள் ஒரு முக்கியக் காரணம். யாரும் தேடிப் போகாத ஒன்று கிடைத்தது. ஒவ்வோர் ஆண்டும் எழுதி வைத்ததால் கிடைத்தது.

நம் கல்லூரிகளில் பல நூறாண்டை நெருங்குகின்றன. அதே வளாகம், அதே வாய்க்கால், அதே கிணறு. ஆண்டுதோறும் இருநூறு முந்நூறு இளம் கைகள் புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. அரசு அலுவலகத்தில் அதிகாரி மூன்றாண்டில் மாறிவிடுவார். தன்னார்வ அமைப்புக்கு நிதி ஐந்தாண்டில் தீரும். ஓர் ஊரில் நிலையாக நின்று, ஆய்வகமும் ஆளும் வைத்திருக்கிற ஒரே அமைப்பு கல்லூரி. இவ்வளவு வசதி இருந்தும் ஊர்த் தண்ணீரின் ஐம்பது ஆண்டு வரலாறு நம்மில் எத்தனை கல்லூரிகளிடம் இருக்கிறது? கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு வரும்போது அறை நிறையக் கோப்புகள் அடுக்குகிறோம். நட்ட மரக்கன்றுகளின் படம் இருக்கிறது. நட்டதில் எத்தனை பிழைத்தது என்ற கணக்கு இல்லை.

இது வெறும் அறிவுத் தேட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு தொழிற்சாலையோ சுரங்கமோ வரும்போது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று ஓர் அறிக்கை தயாராகும். 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி அதற்குப் பிறகு பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். அறிக்கைக்கான அடிப்படைத் தரவை மழைக்காலம் நீங்கலாக ஒரே ஒரு பருவம், அதாவது மூன்று மாதம் எடுத்தால் போதும் என்பதே பெரும்பாலான திட்டங்களுக்கு நடைமுறை. ஓர் ஆற்றைப் பற்றி மூன்று மாதத்தில் என்ன தெரியும்? கூட்டத்தில் ஊர்ப் பெரியவர் எழுந்து, என் சின்ன வயதில் இந்தக் கிணற்றில் கை எட்டும் தூரத்தில் தண்ணீர் கிடந்தது என்பார். எதிரே மேசைமீது அறுநூறு பக்க அறிக்கை இருக்கும். பெரியவர் சொன்னது குறிப்பேட்டில் ஒரு வரியாகும், அவ்வளவுதான். அந்த ஊரின் கல்லூரி எழுந்து, இதோ பதினைந்து ஆண்டு அளவு, மாதவாரியாக, மணிவாரியாக என்று ஒரு பேரேட்டை வைத்தால் அந்தக் கூட்டம் வேறு மாதிரி நடக்கும். திட்டம் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். தொழிலுக்கும் இது நன்மைதான். தான் செய்யாத மாசுக்குப் பழி சுமக்காமல் இருக்க ஒரு நேர்மையான பட்டறைக்காரருக்கும் அந்தப் பேரேடு தேவை.

பதிவு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் திருப்பூரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஊத்துக்குளி சாலைப் பக்கம் உள்ள நஞ்சராயன் குளம். அங்கே உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் காலை நேரங்களில் நின்று எண்ணிப் பட்டியல் எழுதி வந்தார்கள். இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்து அங்கே இறங்குவது அப்படித்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 2022-ல் அது பறவைகள் சரணாலயமானது. 2024-ல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. சாயத்துக்குப் பேர்போன ஊரின் குளம் உலகப் பட்டியலில் இடம்பெற்றதில், நோட்டுப் புத்தகமும் கையுமாக நின்றவர்களுக்குப் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2011-க்குப் பிறகு திருப்பூரில் என்ன ஆனது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். பட்டறைகள் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறி மீண்டும் இயங்குகின்றன. எதிர்ச் சவ்வூடு பரவல் மூலம் நீரைப் பிரித்தெடுத்து, எஞ்சிய உப்புநீரைக் கொதிக்க வைத்து உப்பை மீட்டு, அதையே மறுபடி சாயத் தொட்டியில் போடுகிறார்கள். இது பெரிய சாதனை. இவ்வளவு பெரிய அளவில் இதைச் செய்துகாட்டிய ஊர்கள் உலகத்தில் அதிகமில்லை. அதே சமயம் கொதிக்க வைக்க விறகும் நிலக்கரியும் எரிகின்றன. திரும்பப் பயன்படுத்த முடியாத கலவை உப்பும் கசடும் குவிகின்றன. நிலத்தடியில் முன்பே இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. ஆறு தேறினாலும் கிணறு தேற இன்னும் காலம் பிடிக்கும். ஆற்றையும் கிணற்றையும் தனித்தனியாக அளந்து வந்தவர்களுக்குத்தான் இந்த வேறுபாடு தெரியும். அந்த மீட்பு நிலையங்களின் ஆய்வகங்களில் இன்று வேலை பார்ப்பவர்களில் என் மாணவர்கள் இருக்கிறார்கள். சாயத் தொழிலாளியின் மகனாக வகுப்பில் உட்கார்ந்தவர்களும் அவர்களில் உண்டு. இதை நினைக்கும்போது எனக்கு ஏற்படும் பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

வேலைவாய்ப்பைப் பற்றி மாணவர்கள் கேட்பீர்கள். சுத்திகரிப்பு நிலையம், நீர்ப் பரிசோதனை ஆய்வகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆலோசனை நிறுவனம், வனத்துறைத் தேர்வுகள் என்று வழிகள் உண்டு. எல்லா இடத்திலும் ஒருநாள் ஒரு கேள்வி உங்களிடம் வரும்: இந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்து எழுத முடியுமா என்று. பணிவாகக் கேட்பார்கள். கேட்பவர் உங்கள்மேல் அன்புள்ளவராகவும் இருக்கலாம். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதைத் தேர்வுத்தாளுக்குப் படித்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது. மூன்றாண்டும் பேரேட்டில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிப் பழகிய கைக்குக் குறைத்து எழுத வராது. கையெழுத்துப் போட்டு எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

என்ன வேண்டும், எவ்வளவு செலவு என்று முதல்வர் அவர்கள் கேட்கக்கூடும். வேதியியல் துறை இருக்கும் கல்லூரியில் பெரும்பாலும் எல்லாமே இருக்கிறது. மின்கடத்து திறன் அளக்கும் ஒரு கைக்கருவி, பி.எச். அளவி, வெப்பமானி, வின்க்லர் குப்பிகள். கடத்து திறனை ஏறத்தாழ 0.65-ஆல் பெருக்கினால் டி.டி.எஸ். தோராயமாகக் கிடைத்துவிடும். குளோரைடுக்கு வெள்ளி நைட்ரேட் தரம்பார்த்தல், அதை உங்கள் முதலாண்டு மாணவர்களே செய்வார்கள். மூன்று இடங்கள் போதும்: ஊருக்கு மேலே ஆற்றில் ஒன்று, ஊருக்குக் கீழே ஒன்று, வளாகத்துக் கிணறு ஒன்று. ஆசைப்பட்டு இருபது இடம் வைத்துக்கொண்டால் இரண்டாம் ஆண்டே நின்றுவிடும். கிணற்றில் நீர்மட்டத்தை நூலும் கல்லும் கட்டி இறக்கியே அளக்கலாம். எந்தக் கருவியால் அளந்தோம், அதை எப்போது சரிபார்த்தோம் என்பதையும் எழுத வேண்டும். கருவி மாறியதால் வந்த மாற்றத்தை ஆறு மாறியதாகப் பின்னால் வருபவர் எண்ணிவிடக் கூடாது. அடித்தல் திருத்தல் இருக்கலாம். வெள்ளைத் திரவம் பூசி மறைப்பது மட்டும் கூடாது. கணினியிலும் ஏற்றுங்கள், ஆனால் காகிதம் இருக்கட்டும்.

இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்கும் பொருளியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. கலுங்கு எந்த ஆண்டு கடைசியாகத் தண்ணீர் தள்ளியது, நீர்க்கட்டி வேலை பார்த்த குடும்பம் எது, வாய்க்கால் எந்த வழியாக ஓடியது என்று ஊரில் கேட்டு எழுதி வைக்க வேதியியல் தேவையில்லை. காது தேவை. அந்தத் தகவல்கள் அளவுகளுக்கு எதிர்ப்பக்கத்தில் இடம்பெறட்டும். களப்பணிக்கான 25 மதிப்பெண்ணை இதற்குத் தாருங்கள். எனக்குத் தெரிந்தவரை எந்தப் பல்கலைக்கழக விதியும் இதைத் தடுக்கவில்லை.

இறுதியாக, பேரேட்டைத் துறை அலமாரியில் வைக்காதீர்கள். துறைத்தலைவர் ஓய்வு பெறும் நாளில் அலமாரி காலியாகும், தாள்கள் எடைக்குப் போகும். நூலகத்தில் சேர்த்து, வரவு எண் போட்டு, கழிக்கக் கூடாத நூல் என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிரதியை ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ கொடுங்கள். யார் வந்து கேட்டாலும் பார்க்க விடுங்கள், பட்டறைச் சங்கத்தினர் கேட்டாலும், விவசாயிகள் சங்கத்தினர் கேட்டாலும்.

வரும் பருவம் தொடங்கியதும் முதல் மாதிரி எடுக்கும் நாளை முடிவு செய்துவிட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்கள். விடியுமுன் கிளம்ப வேண்டும். வின்க்லர் கரைசல்களை நானே புதிதாகத் தயாரித்துக் கொண்டுவருகிறேன்.